மண் மூடிய பதிவேடும் மேகத்தில் வைத்த பதிவேடும்

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்தைத் தோட்டப் பிரிவில் மலை சரிந்து லயங்களை மூடியது. செய்தி வந்த கணத்திலிருந்து எங்கள் ஆசிரியபீடத்தில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. உள்ளே எத்தனை பேர்?

முதல் நாளில் முந்நூறு வரை சொன்னார்கள். பிறகு இருநூறுக்குக் கிட்ட என்றார்கள். அடுத்து நூறு. நாட்கள் செல்லச் செல்ல அந்த எண் நாற்பதுக்கும் கீழே இறங்கி நின்றது. நேற்று முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட எண்ணை இன்று ஒரு மூலையில் சத்தமின்றித் திருத்துவது பத்திரிகைக்காரனுக்கு வெட்கக்கேடு. அந்த வெட்கத்தை ஒரு கிழமை முழுவதும் அனுபவித்தோம்.

ஆளுக்கொரு கணக்குச் சொன்னது மட்டும் அதற்குக் காரணமில்லை. அங்குள்ளவர்களின் விபரங்கள் இருந்த கிராம மட்ட அலுவலகமும் பதிவேடுகளோடு புதையுண்டுவிட்டது என்பதே அன்று கிடைத்த தகவல். யார் லயத்தில் இருந்தார்கள், யார் கொழும்பில் வேலை செய்கிறார்கள், யார் மத்திய கிழக்கில், எந்தப் பிள்ளை காலையிலேயே பாடசாலைக்குப் போய்விட்டது என்பதையெல்லாம் உயிர் தப்பியவர்களின் வாயிலிருந்தே திரட்டவேண்டியிருந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்ததையும், மக்கள் இடம்மாற்றப்படாததையும் பற்றி அந்நாட்களில் நிறையவே எழுதினோம். எழுதாமல் விட்டது ஒன்றுண்டு. மக்களை மட்டும் அந்த மலையின் கீழ் விட்டுவைக்கவில்லை. அவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடிய ஏட்டையும் அதே மலையின் கீழ்தான் வைத்திருந்தார்கள்.

பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதிகள் அறுந்தன, மலையக ரயில் பாதை சிதைந்தது. இதற்குப் பின்னர் எந்த மேடையில் எவர் ஏறினாலும் ஒரே பல்லவியைத்தான் கேட்கிறேன். எல்லாவற்றையும் டிஜிட்டல் மயமாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தரவுகள் மேகத்தில் இருக்கும். மண்சரிவு மேகத்தைத் தொடாது.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மறு பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வழக்கத்தைவிடச் சற்று வறட்டு விடயம். ஆனாலும் பொறுமையோடு வாசியுங்கள்.

ஆட்பதிவுத் திணைக்களம், பதிவாளர் நாயகம் திணைக்களம், தொழில் திணைக்களம், தேர்தல் ஆணைக்குழு என்று ஒவ்வோரிடத்திலும் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. இவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் மென்பொருளுக்குத் தரவு ஒருங்கிணைப்பு முறைமை என்று பெயர். மனிதர்களின் பெயரோ பிறந்த திகதியோ அதற்குள் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. அதன் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. எந்தத் தரவுத்தளத்தின் எந்தக் கட்டம் எதனோடு பொருந்தும், எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம், இரண்டு பதிவுகள் முரண்பட்டால் எதை நம்புவது, எந்த வேலை எத்தனை மணிக்கு எந்த வரிசையில் ஓடவேண்டும் என்ற விதிகளின் தொகுதி அது. தரவைப் பற்றிய தரவு; மீதரவு என்கிறார்கள், கணினிக்காரர்கள் மெட்டாடேட்டா என்பார்கள். அது சேமிக்கப்படும் இடம் மீதரவுக் களஞ்சியம். அதுவும் ஒரு தரவுத்தளம்தான். பழுதாகும், அழியும், களவு போகும்.

என் குற்றச்சாட்டு எளிமையானது. பெரிய தரவுத்தளங்களுக்குக் காப்பு நகல் எடுப்பதைப் பற்றியாவது இந்நாட்டில் பேசுகிறார்கள். இந்தக் களஞ்சியத்துக்கு நகல் எடுப்பதைப் பற்றி, எடுத்ததை மீட்டுப் பார்ப்பதைப் பற்றி, ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. அது தொலைந்தால் முதலில் அடிபடப்போவது கொழும்பு ஏழில் இருப்பவர் அல்லர். பசறையிலும் மடூல்சீமையிலும் ஹாலி-எலவிலும் இருக்கும் தோட்டத் தொழிலாளிதான்.

ஏன் என்று சொல்வதற்கு முன் சொந்த அனுபவம் ஒன்று. ஒருங்குறி வருவதற்கு முன் நாங்கள் எல்லோரும் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த காலம் நினைவிருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் திரையில் தெரிவது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு கிறுக்கல். நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில், பக்க வடிவமைப்பாளர் ஒருவர் பாமினியைத் தம் வசதிக்கேற்ப மாற்றி ஓர் எழுத்துருவை வைத்திருந்தார். ஆண்டுக்கணக்கான கட்டுரைகள் அதில்தான். எல்லாவற்றையும் குறுந்தட்டுகளில் பதிந்து, உறையில் திகதி எழுதி, இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்தோம். நகல் எடுத்துவிட்டோம் என்ற பெருமிதம் வேறு. அவர் வெளிநாடு போனார். அவருடைய கணினி பழைய இரும்புக்குப் போனது. எழுத்துருக் கோப்பு அதற்குள் மட்டுமே இருந்தது. குறுந்தட்டுகள் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. ஒரு வரியை வாசிக்க முடியவில்லை. சுரதாவின் மாற்றியில் போட்டுப் பார்த்தோம். பாதி தமிழாகவும் பாதி பேயாகவும் வந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கக்கூடிய பொருத்தப் பட்டியல் ஒன்று இல்லாததால் பல ஆண்டு உழைப்பு குப்பையானது.

இனி தேசிய அடையாள அட்டைக்கு வருவோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதலிரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், லீப் ஆண்டோ இல்லையோ, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே இந்தக் கணக்கு ஓடுகிறது. 683 என்றிருந்தால் அவர் பெண். 183 ஆவது நாள். அதாவது ஜூலை 1. இந்த மரபை அறியாத ஒருவர் நாட்காட்டியை வைத்து எண்ணினால், சாதாரண ஆண்டில் அது ஜூலை 2 ஆகிவிடும். பிறப்புச் சான்றிதழில் 1, கணினியில் 2. பொருந்தவில்லை என்று முறைமை நிராகரிக்கும்.

மார்ச் 1 க்குப் பின் சாதாரண ஆண்டுகளில் பிறந்த அனைவருக்கும் இந்த ஒருநாள் வழு நேரும். அட்டை இலக்கத்தை எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் அதற்குள் இந்த விதி எழுதப்பட்டிருக்காது. அது மீதரவில்தான் இருக்கும். இலக்கத்துக்குப் பின்னால் வரும் 'வி', 'எக்ஸ்' எழுத்துகளும் அப்படியே. முன்னது வாக்காளர், பின்னது அட்டை வழங்கப்பட்ட வேளையில் வாக்குரிமை இல்லாதவர். அந்த ஓர் எழுத்தின் பாரம் என்னவென்று மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2016 முதல் பன்னிரண்டு இலக்க எண் வந்தபோது அந்த எழுத்தே போய்விட்டது. ஆக ஒரே மனிதருக்கு இரண்டு வடிவ எண்கள்; முன்னால் 19, நடுவில் ஒரு பூச்சியம் சேர்த்துத்தான் இரண்டும் ஒன்று என்று கண்டுகொள்ளவேண்டும்.

இதெல்லாம் நாட்டில் அனைவருக்கும் பொது. தோட்டத்துக்கு மட்டும் உரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. தமிழ் அறியாத எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. பிறப்புப் பதிவில் ராமையா, தோட்டத்துச் செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமய்யா, சேமலாப நிதிக் கணக்கில் ஆர். ஏ. ராமா. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாமிடத்தில் அதுவே குடும்பப் பெயர். பிறப்பைப் பதியாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். இந்த நான்கு பெயரும் ஒரே ஆள் என்பதை எந்தச் சூத்திரமும் தானாகக் கண்டுபிடிக்காது. சமாதான நீதிவானின் கையெழுத்து, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகத்துக்கு நாலு நடை, அதற்காக இழந்த நாலு நாட் கூலி என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அந்த இணைப்பு உறுதிசெய்யப்படுகிறது. இனிமேல் அது கணினியில் ஒரு பொருத்தமாக, ஒரு விதிவிலக்காக, களஞ்சியத்தின் ஒரு வரியாகப் பதியப்படும். அந்த வரி அழிந்தால் நாலு தரவுத்தளங்களும் பத்திரமாக இருக்கும். ஆனால் அவற்றுக்குள் ராமையா நாலு அந்நியர்களாகப் பிரிந்து கிடப்பார்.

இது கற்பனைப் பயம் என்று சொல்பவர்களுக்கு எங்கள் வரலாறு தெரியாது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், 1946 க்கு முன் தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு. தேயிலைக் காட்டில் பிறந்து அங்கேயே முதுகு வளைந்தவரிடம் தாளைக் கேட்டார்கள். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இதற்கிடையில் எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பேரேடுகளும் கைமாறின. தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் தலைக்குள் இருந்த விளக்கங்கள் மட்டும் கைமாறவில்லை. 'இந்த மாரியம்மாள்தான் அந்த மாரிமுத்துவின் மகள்' என்று சொல்லக்கூடிய மனிதர் ஓய்வுபெற்றுப் போனதும், பேரேடு இருந்தும் இல்லாததாயிற்று.

இப்போது மேகத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் இலங்கை அரச மேகத்திலிருந்து அழிந்துபோய், விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை சென்றது. பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தோம். 2023 ஓகஸ்ட் 26 அன்று அதே அரச மேகத்தில் கப்பம் கோரும் தீநிரல் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் நிரந்தரமாகப் போயின. நகல் இருக்கவில்லையா என்றால், இருந்தது. இணைப்பில் இருந்த நகலையும் தீநிரல் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து கழற்றி வைத்த நகல்தான் அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்க நிதி இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதன் பின்னரே நாளாந்தம் கழற்றி வைக்கும் நகல் பற்றிய அறிவிப்பு வந்தது.

மீரியபெத்தையில் ஏடும் ஆட்களும் ஒரே மலையின் கீழ். அரச மேகத்தில் மூலமும் நகலும் ஒரே வலையின் உள்ளே. எனக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

ஏழை நாடு என்று சாக்குச் சொல்லவும் முடியாது. மின்னரசில் உலகுக்கே வாத்தியாரான தென்கொரியாவில், 2025 செப்டெம்பர் 26 அன்று தேஜோன் நகரத் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற முறைமையின் 858 டெராபைட் எரிந்து சாம்பலானது. அவ்வளவு பெரிதாக இருந்ததால் வெளியில் நகல் எடுக்கவில்லையாம். அவர்களுக்காவது அளவு என்றொரு சாக்கு இருந்தது. மீதரவுக் களஞ்சியத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கோடிக்கணக்கான பதிவுகளை இணைக்கும் விதிகள் அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டால் கடுகளவு. பவர்சென்டர் போன்ற ஒருங்கிணைப்பு மென்பொருள்களில் களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து வைக்கத் தனிக் கட்டளையே கொடுத்திருக்கிறார்கள். செய்தவனுக்கு அக்கறை இருந்திருக்கிறது.

எனக்குச் சொல்லப்படும் மறுப்புகள் மூன்று.

விதிகள் போனால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம் என்பது முதலாவது. அடையாள அட்டையின் 29 நாள் பெப்ரவரியை மீண்டும் எழுதலாம். ராமையாவின் நாலு பெயரை யார் எழுதுவார்? அந்தச் சமாதான நீதிவான் உயிரோடு இருப்பாரா?

ஒப்பந்தக் கம்பனியிடம் எல்லாம் இருக்கும் என்பது இரண்டாவது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் கேட்டுப் பாருங்கள். களஞ்சியத்துக்குள் இருக்கும் கடவுச்சொற்கள் பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டே இருக்கும். மறைவிலக்கும் சாவி வேறு கோப்பில் இருக்கும். களஞ்சியத்தை எடுத்து வைத்துவிட்டு அந்தச் சாவியை எடுக்க மறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. மீட்கும் நாளில் தரவுத்தளங்களின் கதவுகள் திறக்கா. சாவி யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், அது எங்கள் வடிவமைப்பாளரின் எழுத்துருவைப் போல விமானம் ஏறிவிடும்.

மூன்றாவது மறுப்பை மதிக்கிறேன். நகல்கள் பெருகினால் களவுக்கான வாசல்களும் பெருகும். யார் யாரோடு எப்படித் தொடர்பு என்று சொல்லும் ஏடு தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும்? சரியான கேள்வி. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பதை மறந்து நான் எழுதவில்லை. அதற்காகத்தான் நகல் மறையாக்கப்பட்டு, வலையிலிருந்து கழற்றப்பட்டு, யார் தொட்டார்கள் என்ற கையொப்பத்தோடு இருக்கவேண்டும் என்கிறேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கான அடித்தளத்தைத் தந்திருக்கிறது. பயத்தால் நகலே எடுக்காமல் விடுவது, திருடனுக்கு அஞ்சி உறுதியைக் கிழித்துப் போடுவதற்கு ஒப்பாகும்.

தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா 2023 ஓகஸ்டில் முற்பணமாக மட்டும் 45 கோடி இந்திய ரூபாயைக் கையளித்தது. பணம் இருக்கிறது. ஆகவே கேட்கிறேன். களஞ்சியத்துக்கு மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வெவ்வேறு வகை ஊடகங்களில். ஒன்று கொழும்புக்கு வெளியே, வலைத் தொடர்பில்லாமல். விதி மாறும் ஒவ்வொரு தடவையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நகல் எடுக்கவேண்டும்; மாதத்துக்கொரு முறை என்ற சடங்கு போதாது. தரவும் களஞ்சியமும் ஒரே வேளையின் நிலையைக் காட்டவேண்டும். நேற்றைய விதியும் இன்றைய தரவும் சேர்ந்தால் குழப்பம்தான் மீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு இரு தடவையேனும் வெற்றுக் கணினியொன்றில் மீட்டு ஓட்டிக்காட்டவேண்டும். கிட்லாப் என்ற பெயர்பெற்ற மென்பொருள் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, ஐந்து விதமான காப்புமுறைகள் வைத்திருந்தும் தேவைப்பட்ட வேளையில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. நகலெடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தவில்லை. வேலை தவறுகிறது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். நம்மவர்களிடம் அதை எதிர்பார்க்கலாமா?

இன்னொன்றும் கேட்கிறேன், கணினி நண்பர்கள் சிரிப்பார்கள். இணைப்பு உறுதியானதும், இன்ன இன்ன பதிவுகளிலுள்ள இந்தப் பெயர்கள் ஒருவரே என்று மும்மொழியிலும் அச்சிட்ட ஒரு தாளை அந்த மனிதர் கையில் கொடுங்கள்.

புயலுக்குப் பின் ஹாலி-எலப் பக்கத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரைச் சந்தித்தேன். பெயர் பொருந்தாததால் அவரது ஓய்வுகாலப் பணம் ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் இழுபட்டதாம். லயத்தின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. பத்திரங்கள் போய்விட்டனவா ஐயா என்று கேட்டேன். "அது எப்புடிங்க தம்பி போகும்" என்று சிரித்தார். பிளாஸ்டிக் பையொன்றை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார். புகைப்படப் பிரதி ஒரு கட்டு பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில். இன்னொன்று கோயில் பெட்டகத்தில். பையிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பித் தாளையும் எடுத்துக் காட்டினார். பேரன் எழுதிக் கொடுத்ததாம். அவருடைய பெயர் எந்தெந்தப் பத்திரத்தில் எப்படி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஐந்து வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எவர் உறுதிசெய்தார் என்ற குறிப்பு.

மகள் வீட்டுக் கட்டிலும் அந்தத் தாளின் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். அதை முதல்லயே வச்சாச்சு என்றார்.